வேகமா, வேலியா?



வெப்அசெம்பிளி என்னும் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதிய புரோகிராம்களைப் பிரவுசருக்குள்ளேயே ஓடச் செய்யும் ஏற்பாடு அது. அதைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது வேகத்தைத்தான். பிரவுசரில் பெரிய விளையாட்டுகள் ஓடுகின்றன, கட்டட வரைபடம் வரைய முடிகிறது, படங்களைத் திருத்த முடிகிறது என்றெல்லாம் அடுக்குவார்கள். அவை யாவும் உண்மையே. ஆனால் என் கருத்து சற்று வேறானது. வேகம் இந்த ஏற்பாட்டின் இரண்டாவது சிறப்புதான். முதல் சிறப்பு, ஓடுகின்ற புரோகிராமைச் சுற்றி அது போடுகிற வேலி. வேகத்தைக் கொண்டுவர முயன்றவர்கள் இதற்கு முன்பும் இருந்தார்கள். வேலியைச் சரியாகப் போடாததால் அவர்கள் தோற்றார்கள்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஒரு வெப்சைட்டின் முகவரியைத் தட்டுகிறீர்கள். அடுத்த நொடியில், எங்கோ உள்ள யாரோ ஒருவர் எழுதிய புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடத் தொடங்குகிறது. அவர் யார், எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்குத் தெரியாது. அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் அப்பாவின் வங்கிக் கணக்கு விவரங்கள் இருக்கின்றன. அக்காவின் கல்லூரிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் விட்டால், அவர் எந்த அறைவரை வரலாம் என்று நாம் பார்ப்போம் அல்லவா? பிரவுசர் அந்தக் காவலை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை நமக்காகச் செய்கிறது. நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

கம்பைலர் என்பது யாது?

நாம் சி மொழியில் எழுதுபவை மனிதர் படிக்கத்தக்க வரிகள். கம்ப்யூட்டரின் பிராசசருக்கு அவை விளங்கா. அதற்குத் தெரிந்தவை, "இந்த எண்ணை எடு, அதனுடன் கூட்டு, இந்த இடத்தில் வை, அந்த ஆணைக்குத் தாவு" என்பன போன்ற மிகச் சிறிய ஆணைகள் மட்டுமே. நாம் எழுதியதை முழுவதும் முன்கூட்டியே இத்தகைய ஆணைகளாக மாற்றி வைக்கும் புரோகிராமுக்குக் கம்பைலர் என்று பெயர். ஓடும்போதே ஒவ்வொரு வரியாகப் படித்துப் பொருள் கண்டு செய்வது மற்றொரு முறை. மேடையில் ஒருவர் பேசப் பேச வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்ப்பவரையும், ஒரு நூலை வீட்டில் அமர்ந்து நிதானமாக மொழிபெயர்த்து அச்சிட்டுத் தருபவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு விளங்கும்.

பிரவுசருக்கென்று அமைந்த மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995-ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதி முடித்தார். பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஏதாவது நிகழ வேண்டும் என்ற அளவுக்குத்தான் அன்று தேவை இருந்தது. பின்னர் தேவை பெருகியது, மொழியும் வளர்ந்தது. இன்றைய பிரவுசர்கள் ஜாவாஸ்கிரிப்டையும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிராசசரின் ஆணைகளாக மாற்றிவிடுகின்றன. ஆனால் அந்த மொழியில் ஒரு பெயர் இப்போது எண்ணைக் குறிக்கலாம், அடுத்த கணம் ஒரு சொல்லைக் குறிக்கலாம். ஆகவே பிரவுசர் ஊகம் செய்துதான் மாற்ற வேண்டியிருக்கிறது. ஊகம் தவறினால் மாற்றியதை எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உலகின் பயனுள்ள புரோகிராம்களில் பெரும்பகுதி ஏற்கெனவே சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதப்பட்டுவிட்டது. எஞ்சினியர்கள் பயன்படுத்தும் ஆட்டோகேட் 1982-இல் வெளிவந்தது. அதன் பின் பல்லாண்டுகள் பலர் சேர்த்துச் சேர்த்து எழுதிய லட்சக்கணக்கான வரிகளை இன்னொரு மொழியில் திரும்ப எழுதுவது என்பது கட்டிய கோபுரத்தைப் பிரித்து வேறு ஊரில் கட்டுவது போன்றது. கம்பைல் செய்த புரோகிராமை அப்படியே பிரவுசருக்குள் ஓட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இந்த ஆசை ஜாவாஸ்கிரிப்டுக்கு ஏறத்தாழ நிகரான வயதுடையது.

கையொப்பத்தை நம்பிய கதை

1996-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆக்டிவ்எக்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. பிராசசருக்கு நேரடியாக விளங்கும் ஆணைகளாகவே புரோகிராம் வந்து இறங்கும். வேகத்துக்குக் குறைவே இல்லை. பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு? எழுதியவரின் மின்னணுக் கையொப்பம். "இன்னார் எழுதிய புரோகிராம் இது, ஓட்டலாமா?" என்று பிரவுசர் கேட்கும். நீங்கள் "ஆம்" என்றால், அதன் பிறகு அந்தப் புரோகிராமுக்குத் தடை ஏதும் இல்லை. நீங்கள் செய்யக்கூடிய எதையும் அதுவும் செய்யலாம்.

அதே ஆண்டில் அமெரிக்கப் புரோகிராமர் ஒருவர், முறைப்படி கட்டணம் செலுத்திப் பெற்ற கையொப்பத்துடன் ஒரு புரோகிராமை வெளியிட்டார். அதை ஏற்றுக்கொண்ட கம்ப்யூட்டரை அது மூடிவிடும்; மின்சாரத்தையே நிறுத்திக்கொள்ளும் வசதி உள்ள இயந்திரமானால் மின்சாரமும் நின்றுவிடும். தீங்கு செய்வது அவர் நோக்கமன்று. கையொப்பம் சரியாக இருந்தும் என்ன ஆகும் என்று காட்டுவதே நோக்கம்.

1997-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்னும் கூர்மையான பாடம் ஒன்று கிடைத்தது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் தோன்றிய கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற குழுவினர், தொலைக்காட்சியில் ஒரு செய்முறையைக் காட்டினார்கள். ஒருவர் ஏதோ ஒரு வெப் பக்கத்தைப் பார்க்கிறார். அதிலிருந்து இறங்கிய ஆக்டிவ்எக்ஸ் புரோகிராம், அவர் கம்ப்யூட்டரில் குவிக்கன் என்ற வரவுசெலவுக் கணக்குப் புரோகிராம் இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால், வங்கிக்கு அனுப்ப வேண்டிய பண மாற்ற ஆணைகளின் வரிசையில் தன் சார்பில் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறது. அடுத்த முறை அவர் தம் இரகசிய எண்ணைத் தட்டி வங்கியுடன் தொடர்பு கொள்ளும்போது, அவருடைய ஆணைகளோடு இதுவும் சேர்ந்து போகும். திருடன் பூட்டை உடைக்கவே இல்லை; வீட்டுக்காரர் பூட்டைத் திறக்கும்வரை திண்ணையில் காத்திருந்தான், அவ்வளவுதான்.

கையொப்பம் என்பது எழுதியவர் யார் என்பதை மட்டுமே சொல்லும். எழுதியது என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. நம் வீட்டுத் திருமணத்துக்குச் சமையல்காரரை அழைக்கிறோம். அவர் நல்லவர் என்று நாலு பேர் சொல்லியிருக்கலாம். அதற்காகப் பீரோச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதில்லையே! அடுப்பு, பாத்திரம், அரிசி, காய்கறி ஆகியவற்றைக் கொடுக்கிறோம். அவர் திறமையாகச் சமைப்பதற்கு அவை போதும்.

ஜாவா மொழி இந்த வகையில் மேலான வழியைக் கண்டது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 1995-இலேயே அது பிரவுசருக்குள் வந்தது. வந்திறங்கும் ஆணைகளைச் சோதித்த பிறகே ஓட்டியது. அதாவது, வேலி போட்டது. ஆனால் அந்த வேலியில் வாயில்கள் ஏராளம். ஜாவாவுடன் சேர்ந்து வந்த மிகப் பெரிய உதவித் தொகுப்பின் ஒவ்வொரு பகுதியும் ஒரு வாயில். ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு தாழ்ப்பாள் சரியாக விழாமல் இருந்தது. 2013 ஜனவரியில் அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, பிரவுசரில் ஜாவாவை நிறுத்தி வையுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை கூற நேர்ந்தது. பின்னர் பிரவுசர்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. ஃபிளாஷும் அவ்வாறே, 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் அதற்கு ஆதரவளிப்பதை நிறுத்திக்கொண்டது.

இரண்டு நிறுவனங்கள், இரண்டு வழிகள்

2008-இன் இறுதியில் கூகுள் நிறுவனம் நேட்டிவ் கிளையன்ட் என்ற முறையை அறிவித்தது. ஒரு புரோகிராம் தனக்கென ஒதுக்கிய நினைவகத்தை விட்டு வெளியே போகாதபடி அதன் ஆணைகளையே சோதித்துக் கட்டுப்படுத்தலாம் என்ற கருத்தைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்டிருந்தார்கள். கூகுள் அந்தக் கருத்தைக் கையாண்டது. ஆணைகளை 32 பைட் கொண்ட கட்டுகளாகப் பிரித்து, ஒரு கட்டின் நடுவே யாரும் தாவிக் குதிக்க முடியாதபடி செய்தது. மிகத் திறமையான வேலை. ஆனால் அது குறிப்பிட்ட பிராசசரின் ஆணைகளைச் சார்ந்திருந்தது; கூகுளின் குரோம் பிரவுசரில் மட்டுமே வாழ்ந்தது. மற்றவர்கள் ஏற்கவில்லை. பிராசசரைச் சாராத வடிவம் ஒன்றைக் கூகுள் 2013-இல் கொண்டுவந்த பிறகும் நிலைமை மாறவில்லை.

மொசில்லா நிறுவனத்தில் அலோன் சகாய் என்பவர் வேறொரு வழியில் போனார். சி மொழிப் புரோகிராமை ஜாவாஸ்கிரிப்டாகவே மாற்றித் தரும் எம்ஸ்கிரிப்டன் என்ற கம்பைலரை எழுதினார். இதிலிருந்து 2013-இல் ஏஎஸ்எம்.ஜேஎஸ் பிறந்தது. அதன் தந்திரம் எளியது. எனக்கு மிகவும் பிடித்தது. ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு எண்களைக் கூட்டினால் விடை முழு எண்ணாகவும் இருக்கலாம், பின்னமாகவும் இருக்கலாம். (அ + ஆ) | 0 என்று எழுதினாலோ, அந்தக் கோடும் பூஜ்யமும் விடையை 32 பிட் முழு எண்ணாக ஆக்கிவிடும் என்பது மொழியின் விதி. ஆகவே இவ்வாறு எழுதப்பட்ட புரோகிராமில் பிரவுசர் ஊகம் செய்யத் தேவையில்லை. முன்கூட்டியே கம்பைல் செய்துவிடலாம். இந்தத் தந்திரம் தெரியாத பிரவுசரிலும் அதே புரோகிராம் பழுதின்றி ஓடும். சற்று மெதுவாக ஓடும், அவ்வளவே. அந்த ஆண்டே அன்ரியல் என்ற பெரிய விளையாட்டு எஞ்சினை நான்கே நாட்களில் இப்படிப் பிரவுசருக்குக் கொண்டுவந்து காட்டினார்கள்.

இப்படி மாற்றிய கோப்புகள் பெரியனவாக இருந்தன. படித்து முடிக்கவே நேரம் பிடித்தது. எனினும் ஒரு செய்தி தெளிவாயிற்று. ஜாவாஸ்கிரிப்டுக்கு ஏற்கெனவே இருந்த வேலிக்குள்ளேயே இவ்வளவு வேகம் கிடைக்கும் என்றால், புது வேலி தேடி ஆளுக்கொரு திசையில் போக வேண்டியதில்லை. 2015 ஜூனில் கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய நான்கும் சேர்ந்து உழைக்கும் வெப்அசெம்பிளி முயற்சி அறிவிக்கப்பட்டது. 2017 முடிவதற்குள் நான்கு பிரவுசர்களிலும் அது வந்துவிட்டது. அதே ஆண்டில் கூகுள் தன் நேட்டிவ் கிளையன்டைக் கைவிடப்போவதாக அறிவித்தது. 2019 டிசம்பர் 5-ஆம் நாள் டபிள்யூ3சி என்ற வெப் தர அமைப்பு வெப்அசெம்பிளியை முறையான தரமாக ஏற்றது. தன் சொந்த முறையில் பல ஆண்டுகள் உழைத்த ஒரு நிறுவனம் அதை விட்டுவிட்டுப் பொது முறைக்கு வந்தது சிறிய செய்தியன்று.

வேலி எவ்வாறு அமைந்திருக்கிறது?

இப்போது கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வருவோம்.

வெப்அசெம்பிளிப் புரோகிராம் ஒன்றுக்குக் கிடைப்பது ஒரே நீளமான நினைவகத் துண்டு. பூஜ்யத்திலிருந்து தொடங்கும் வரிசை எண்களுடைய பைட்டுகள். அதை 65,536 பைட் கொண்ட பக்கங்களாகக் கேட்டு வாங்க வேண்டும். 32 பிட் முகவரி ஆதலால் உச்ச அளவு 4 ஜிகாபைட். அந்தப் புரோகிராமைப் பொறுத்தவரை உலகம் என்பதே அந்தத் துண்டுதான். அதற்கு வெளியே உள்ள இடத்துக்கு முகவரி எழுதுவதற்கே வழியில்லை.

எல்லையைத் தாண்டிய எண் ஒன்றை அது கொடுத்தால்? ஒவ்வொரு முறையும் "எல்லைக்குள் இருக்கிறதா?" என்று சோதித்தால் வேகம் குறையுமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஓர் அழகான உத்தி இருக்கிறது. ஓர் ஆணை குறிக்கக்கூடிய மிகப் பெரிய முகவரி, 32 பிட் எண் இரண்டின் கூட்டுத்தொகை. அது 8 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே பிரவுசர், 64 பிட் கம்ப்யூட்டரின் பரந்த முகவரி வெளியில் 8 ஜிகாபைட்டை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடுகிறது. உண்மையான நினைவகத்தை அது செலவழிப்பதில்லை. பட்டா கொடுக்காமல் வரைபடத்தில் மட்டும் நிலத்தை ஒதுக்கி வைப்பதைப் போன்றது. புரோகிராம் வாங்கிய பக்கங்கள் மட்டும் திறந்திருக்கும். மீதி முழுவதும் தடைப் பகுதி. எல்லையைத் தாண்டிக் கை வைத்த உடனே பிராசசரே தடுத்து, பிரவுசருக்குத் தெரிவித்துவிடும். புரோகிராம் அங்கேயே நிறுத்தப்படும். சோதனைக்கென்று தனி ஆணை வேண்டியதில்லை. வேலியும் உறுதி, வேகமும் குறையவில்லை.

நினைவகம் மட்டுமன்று, தாவலுக்கும் கட்டுப்பாடு உண்டு. 1988 நவம்பரில் இன்டர்நெட்டில் பரவி ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிய மாரிஸ் புழுவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது கையாண்ட வழிகளில் ஒன்று இது: சி மொழிப் புரோகிராம் ஒன்று, வந்த சொற்களை அளவு பாராமல் ஒரு சிறிய இடத்தில் நிரப்பியது. வழிந்த பகுதி, "வேலை முடிந்ததும் எந்த ஆணைக்குத் திரும்ப வேண்டும்" என்று குறித்து வைத்திருந்த இடத்தின் மேல் விழுந்தது. புழு அங்கே தனக்கு வேண்டிய முகவரியை எழுதிவிட்டது! வெப்அசெம்பிளியில் திரும்பும் முகவரிகள் புரோகிராமின் நினைவகத்தில் வைக்கப்படுவதே இல்லை. ஆணைகளும் அங்கே இல்லை. எந்த எண்ணையும் முகவரியாகக் கொண்டு தாவ முடியாது. கட்டம் கட்டமாக அமைந்த பகுதிகளின் தொடக்கத்துக்கோ முடிவுக்கோ மட்டுமே போகலாம். ஓடத் தொடங்கும் முன்பே பிரவுசர் முழுக் கோப்பையும் ஒரு முறை படித்து இந்த விதிகள் யாவும் பின்பற்றப்பட்டுள்ளனவா என்று சரிபார்க்கிறது. விதி மீறிய கோப்பு ஓடவே ஓடாது.

இந்த விதிகள் கணித முறையில் எழுதப்பட்டவை என்பது இன்னொரு சிறப்பு. 2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ராட் வாட் அவற்றைக் கம்ப்யூட்டர் உதவியால் நிறுவ முயன்றார். அப்போது வரைவில் இருந்த சில பிழைகள் அகப்பட்டன, திருத்தவும்பட்டன. வடிவகணிதத் தேற்றத்தைப் போல ஒரு புரோகிராம் மொழியை நிறுவிக் காட்டும் காலம் வந்துவிட்டது!

கடைசியாக வாயில்கள். வெப்அசெம்பிளிப் புரோகிராமுக்குக் கோப்பைத் திறக்கவோ, திரையில் எழுதவோ, நெட்வொர்க்கில் பேசவோ தானாகத் தெரியாது. எந்தெந்தச் செயல்கள் வேண்டும் என்று அது முன்கூட்டியே பட்டியல் தர வேண்டும். அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட், தன்னால் முடிந்தவற்றில் எதைக் கொடுக்கிறதோ அதுதான் கிடைக்கும். எதுவும் கொடுக்காவிட்டால் அது உள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் வேகம்?

2019-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிராசசர்களை அளவிடப் பயன்படும் தரமான சோதனைப் புரோகிராம்களை எடுத்துக்கொண்டு அளந்து பார்த்தார்கள். நேரடியாகக் கம்பைல் செய்ததைவிட, வெப்அசெம்பிளியாக ஓடியபோது ஃபயர்ஃபாக்ஸில் சராசரியாக 45 விழுக்காடும் குரோமில் 55 விழுக்காடும் மெதுவாக இருந்தன. சில, இரண்டு மடங்குக்கு மேலும் நேரம் எடுத்தன. அதற்குப் பின் பிரவுசர்கள் முன்னேறியிருக்கின்றன. எனினும், "நேரடிப் புரோகிராமுக்கு நிகரான வேகம்" என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். வேகம் ஒன்றே வேண்டும் என்றால் 1996-இன் ஆக்டிவ்எக்ஸ் இதைவிட மேல்! நாம் கொஞ்சம் வேகத்தைக் கொடுத்து அச்சமின்மையை வாங்கியிருக்கிறோம். மிக மலிவான பேரம் என்பேன்.

வேலியின் குறைகளையும் சொல்லாவிட்டால் நான் வியாபாரி ஆகிவிடுவேன். 2017 செப்டம்பரில் தோன்றிய காயின்ஹைவ் என்ற சேவை, வெப் பக்கத்தைப் பார்ப்பவரின் கம்ப்யூட்டரைக் கொண்டு மொனேரோ என்ற மின்னணு நாணயத்தை ஈட்டித் தந்தது. பார்ப்பவருக்குத் தெரியாமலே பல பக்கங்களில் அதை நுழைத்துவிட்டார்கள். வெப்அசெம்பிளியின் வேகம் அதற்கு மிகவும் உதவியது. எந்தக் கோப்பையும் அது திருடவில்லை; வேலியைத் தாண்டவே இல்லை. வேலிக்குள் உட்கார்ந்துகொண்டு உங்கள் மின்சாரத்தைத் தின்றது. 2019 மார்ச்சில் அந்தச் சேவை மூடப்பட்டது. ஆனால் அந்த வகைத் திருட்டை வேலியால் தடுக்க முடியாது என்பது இன்றும் உண்மைதான்.

2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் குறை இதைவிட ஆழமானது. அடுத்து என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று இன்றைய பிராசசர்கள் முன்கூட்டியே ஊகித்துச் சில ஆணைகளைச் செய்து பார்க்கின்றன. ஊகம் தவறானால் விளைவை அழித்துவிடுகின்றன. எனினும் அதன் தடம் பிராசசரின் உள் நினைவகத்தில் தங்கிவிடுகிறது. நேரத்தை மிக நுட்பமாக அளந்தால் அந்தத் தடத்தைப் படித்து, எல்லைக்கு வெளியே இருந்த எண் என்ன என்று கண்டுபிடிக்கலாம். வேலி போட்டவர்மேல் குற்றமில்லை, நிலமே வெடித்திருந்தது. பிரவுசர்கள் உடனே தங்கள் கடிகாரங்களை வேண்டுமென்றே மழுங்கச் செய்தன. பல இழைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் வசதியையும் முடக்கின. வெப்அசெம்பிளிப் புரோகிராம்கள் பல இழைகளாக ஓடுவதற்கு அந்த வசதிதான் அடிப்படை. அது அதனால் தாமதப்பட்டது. வேகமா வேலியா என்ற கேள்வி நேருக்கு நேர் வந்தபோது, அவர்கள் வேலியைத் தேர்ந்தார்கள். அன்று எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொரு மறுப்பும் உண்டு. முன்பெல்லாம் எந்தப் பக்கத்தின் மூல வரிகளையும் திறந்து படித்துக் கற்றோம், இப்போது புரியாத பைட்டுகளாக வருகின்றனவே என்று மூத்தவர்கள் சிலர் வருந்துகிறார்கள். நியாயமான வருத்தம்தான். ஆனால் ஜாவாஸ்கிரிப்டையே இடைவெளியும் பெயர்களும் நீக்கிப் பிழிந்து அனுப்பும் வழக்கம் எப்போதோ வந்துவிட்டது. அதையும் யாரும் படிக்க முடியாது. வெப்அசெம்பிளிக்காவது எழுத்து வடிவம் ஒன்று உண்டு; பிரவுசரிலேயே அதைத் திறந்து பார்க்கலாம். கோப்பை நேரடியாகத் திறந்தால் முதல் நான்கு பைட்டுகள் 0, 97, 115, 109 என்று இருக்கும். பின் மூன்றும் ஏ, எஸ், எம் என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் எண்கள்.

இந்த வேலியின் மதிப்பை நன்கு உணர்ந்தவர்கள் யார் தெரியுமா? பிரவுசர் எழுதுகிறவர்களே. 2021 டிசம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 95-இல் மொசில்லா ஒரு புதுமை செய்தது. எழுத்துருக்களை வரையும் கிராஃபைட், எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் உட்பட, பிறர் எழுதிய ஐந்து பகுதிகளை வெப்அசெம்பிளியாகக் கம்பைல் செய்து, பின்னர் அதிலிருந்து பிராசசரின் ஆணைகளாக மாற்றிப் பிரவுசருக்குள்ளேயே சேர்த்தார்கள். சுற்று வழியாக இருக்கிறதே என்று தோன்றும். வேகத்துக்காக யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். அந்தப் பகுதிகளில் நாளை ஒரு பிழை அகப்பட்டாலும் அது தன் வேலிக்குள்ளேயே நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே செய்தார்கள். வெப்சைட்டுக்குப் போட்ட வேலியைத் தன் வீட்டு அறைகளுக்கு நடுவிலும் போட்டுக்கொண்டது பிரவுசர்.

உங்களுக்கு இதனால் நேரடிப் பயன் ஒன்று உண்டு. பள்ளிக் கம்ப்யூட்டர் அறைகள் பலவற்றில் புதிதாக எதையும் நிறுவ மாணவருக்கு அனுமதி இல்லை. காரணமும் நியாயமானதே. ஆனால் பைத்தான் மொழியின் மூலப் புரோகிராம் சி மொழியில் எழுதப்பட்டது. அதை வெப்அசெம்பிளியாகக் கம்பைல் செய்த பயோடைடு 2018-இல் மொசில்லாவில் உருவாயிற்று. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், முழு பைத்தானும் உங்கள் முன் இருக்கும். தரவுத்தளம் பயில விரும்பினால் எஸ்க்யூலைட்டும் அவ்வாறே கிடைக்கிறது. நீங்கள் எழுதும் புரோகிராமில் எவ்வளவு பெரிய தவறு நேர்ந்தாலும் அந்தப் பக்கத்தை மூடித் திறந்தால் சரியாகிவிடும். அறைப் பொறுப்பாளருக்கு அச்சமில்லை; உங்களுக்கும் தயக்கம் வேண்டாம். எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயமின்றிக் கற்பதற்கு இத்தகைய இடம் நான் அறிந்தவரை வேறில்லை.

2025 செப்டம்பரில் வெப்அசெம்பிளியின் 3.0 தரம் நிறைவுற்றது. அதில் 64 பிட் முகவரிகளுக்கு இடமுண்டு. 4 ஜிகாபைட் எல்லை இனி இல்லை. ஆனால் முன்பு நான் வியந்து சொன்ன உத்தி இங்கே பலிக்காது. முகவரி 64 பிட் என்றால், அதைச் சுற்றி வெற்று நிலம் ஒதுக்க எந்தக் கம்ப்யூட்டரிலும் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் எல்லையைச் சோதிக்கத் தனி ஆணை வேண்டும். புரோகிராம் அதனால் மெதுவாகிறது. நம்பிக்கையான புரோகிராம்களுக்காவது இந்தச் சோதனையை எடுத்துவிடலாமே, யாருடையது என்று கையொப்பம் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் வருவார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு 1996-இல் இடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. 4 ஜிகாபைட் போதும் என்கிற புரோகிராம்கள் பழைய 32 பிட் முறையிலேயே இருந்துகொள்ளட்டும். அதற்கு மேல் கேட்பவை சற்று மெதுவாகவே ஓடட்டும்.